ஏலத்துக்குப் போன இருபத்துமூன்று பேர்

சென்ற மாதம் உங்களில் இருவர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரியைக் காட்டினீர்கள். நம் கந்தோரில் இன்றும் ஓடும் பழைய களஞ்சியப் புரோகிராமின் மாதமுடிவுப் பகுதியில், கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் குறிப்பு வரி அது. ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில் எழுதியிருந்தது: “அக்காவைக் கேளாமல் இதில் கை வைக்காதே.” யார் இந்த அக்கா, எந்தப் பிரிவில் வேலை செய்தார், இப்போது அவருடைய தொலைபேசி எண் கிடைக்குமா என்று கேட்டீர்கள். புதிய முறைமைக்கு மாற்றும்போது அந்த வரியை அழித்துவிடலாமா என்றும் கேட்டீர்கள். நான் எதையோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். காரணம், அந்தக் கதையில் நான் செய்த மடைத்தனம் ஒன்று உண்டு. என் மனைவி பக்கத்தில் இருந்தார். இப்போது எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எனக்கு வேலை. கொழும்புத் தலைமைக் கந்தோர் தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட பெரிய கணினி ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அலுமாரி அளவு. அதில் ஓடியது கோபோல் என்ற பழைய கணினி மொழி. வந்த சரக்கு எது, களஞ்சியத்தில் கிடப்பது எது, வெளியே போனது எது என்று சொல்வதுதான் அதன் தொழில். புரோகிராம் எழுதவும் திருத்தவும் நாங்கள் இரண்டு பேர்: நானும், கிண்ணியாவில் இருந்து வரும் ஒருவரும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, அவரை எல்லோரும் நானா என்றே கூப்பிட்டோம். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

நாற்பது தாண்டிய புரோகிராமருக்கு வரும் பயம் ஒன்று உண்டு. உங்களுக்கும் வரும், அவசரப்படாதீர்கள். எங்கள் கணினியைப் பற்றிக் கொழும்பில் இருந்து தொலைபேசியில் பேசும் பொடியன்கள், சாகக் கிடக்கும் உறவினரைப் பற்றி விசாரிக்கும் குரலில்தான் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு நித்திரை போய்விட்டது. கொழும்பில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை வரவழைத்தேன். புதிய மொழி, புதிய தரவுத்தளம், எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பழக இயந்திரம்தான் இல்லை. கந்தோரில் இருந்த ஒரேயொரு சின்னக் கணினி முகாமையாளரின் மேசையில் துணி போர்த்தியபடி இருக்கும். நகரத்துக்கு மின்சாரம் வருவதும் போவதும் அதன் விருப்பம். ஜெனரேற்றருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கான டீசல்தான் தருவார்கள். ஆகவே நான் கொப்பியில் பென்சிலால் புரோகிராம் எழுதி, மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு பிழையும் இல்லாமல் ஓடிய புரோகிராம்கள் அவைதாம். அவை ஓடவேயில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

நானா வேறு வழியில் போனார். கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடலைக் கடக்க வேண்டும். பாதைக்கு வரிசையில் நிற்பது, பிறகு சோதனைச் சாவடியில் நிற்பது, பிறகு பஸ்ஸுக்கு நிற்பது என்று அவருடைய வாழ்க்கையில் பாதி நின்றே கழிந்தது. அந்த நேரத்தில் வாசிப்பதற்காக எங்கள் பழைய கோபோல் புரோகிராம்களை அச்சடித்துப் பையில் கொண்டு திரிவார். ஓரத்தில் துளை போட்ட, மடிப்பு மடிப்பான அகலத் தாள்கள். ஒரு நாள் சாவடியில் ஒரு சிப்பாய் அதை விரித்துப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டான். பக்கம் பக்கமாகப் பெரிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும். மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். நானா ஒரு பக்கத்தை உரக்க வாசித்து, சரக்கு இப்படியென்றால் இதைச் செய், இல்லையென்றால் அங்கே போ என்று தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். எங்களுக்கு வருகிற உத்தரவுகளும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அந்த அதிகாரி போகவிட்டாராம். அதன் பிறகு நானா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று, முழுதாக விளங்கிக்கொண்ட பக்கங்களை மட்டும்தான் பையில் வைப்பார். ஒவ்வொரு நாளும் ஐந்து பக்கம்.

நம் கந்தோரிலேயே எழுதியதை ஏன் திரும்ப வாசிக்கிறீர்கள் என்று நான் நக்கல் அடிப்பேன். எழுதியவர்கள் பாதிப் பேர் கனடாவில் இருக்கிறார்கள், அவர்கள் என்ன எழுதினார்கள் என்று அவர்களுக்கே நினைவு இராது என்பார். நீங்களும் மாதமுடிவுப் பகுதியை ஒருக்கால் வாசியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் தடித்த புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் யாழ்ப்பாணம் போகும் பயணிகள் கப்பலின் வேலை எங்கள் கந்தோருக்கு வந்தது. தரைப்பாதை மூடிக் கிடந்தது. கப்பலைத் தவிர ஊர்போய்ச் சேர வேறு வழியில்லாத சனம், திருகோணமலைக்கு வந்து பெயரைப் பதிந்துவிட்டு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காத்திருக்கும். பதிந்த ஒழுங்கில் முதல் நூற்றிருபது பேரின் பட்டியலை அச்சடித்துப் பாதுகாப்புப் பகுதியினருக்குக் கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் எடுக்கமாட்டார்கள். அவர்கள் முத்திரை குத்திய பிறகு ஒரு பெயரையும் சேர்க்க ஏலாது.

ஒரு கிழமைக்குள் புரோகிராம் வேண்டும் என்றார் முகாமையாளர். நான் ஒரே நாளில் முடித்தேன். புதிதாக எழுதவில்லை, சரக்குப் புரோகிராமையே எடுத்து, சரக்கு வகைகளில் ‘ஆள்’ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன். களஞ்சியத்தில் பொதி காத்திருக்கிறது, மண்டபத்தில் ஆள் காத்திருக்கிறார், என்ன வித்தியாசம்? நிறை போடாமல் பதிவு உள்ளே போகாது என்று கணினி அடம்பிடித்தது. எல்லோருக்கும் ஐம்பது கிலோ போட்டேன். வயிறு பெருத்த கடை முதலாளிக்கும் ஐம்பது, கைக்குழந்தைக்கும் ஐம்பது. முகாமையாளர் முதுகில் தட்டினார். நானா மட்டும், முழுதும் வாசித்துவிட்டா செய்தீர்கள் என்று கேட்டார். நான் கேட்காதது மாதிரி இருந்தேன்.

சில மாதங்கள் எல்லாம் திறமாக நடந்தது. பிறகு மாரி பிறந்தது. கடல் கொந்தளித்து ஒரு மாதத்துக்கு மேல் கப்பல் வரவில்லை. மண்டபம் நிரம்பியது. ஒருவழியாகக் கடல் அடங்கி, நாளைக் காலை கப்பல் புறப்படும், பட்டியலைப் பின்னேரம் மூன்று மணிக்குள் தர வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. அதற்கு முதல் நாள்தான் மாதமுடிவு. வழக்கம்போல மாதமுடிவு ஓட்டத்தை ஓட்டி முடித்திருந்தேன். அறிவித்தல் வந்த அன்று காலை, சனம் பார்ப்பதற்காக அன்றைய வரிசையை அச்சடித்துக் கந்தோர் மதிலில் ஒட்டினோம்.

பத்து மணியளவில் ஒரு பெண், சனம் வந்து விசாரிக்கும் கருமபீடத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கக் கொழும்புக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் முப்பத்துநாலு நாளாக மண்டபத்தில் காத்திருப்பவர். ஊரில் மகளுக்கு நிறைமாதம், தலைப்பிள்ளை. மருமகனும் பக்கத்தில் இல்லை. தினமும் வந்து தன் இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவதால் எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் சத்தம் போடவில்லை. நிதானமாகக் கேட்டார்.

“தம்பி, நேற்று நான் ஆறாவது. இண்டைக்குக் கடைசி வரைக்கும் தேடிப் பாத்திட்டன், இல்லை. நான் எங்கை போனனான்?”

கொம்பியூட்டர் பிழை விடாது அக்கா என்றேன். இந்த வசனத்தை வாழ்க்கையில் சொல்லாதீர்கள். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் எங்கள் லிகிதர், மான் தின்றிருக்கும் என்றார். அதில் நியாயம் இருந்தது. திருகோணமலை மான்களுக்கு மதிலில் ஒட்டிய காகிதம் என்றால் உயிர். இரண்டு தடவை எங்கள் அறிவித்தல்களைப் பசையோடு தின்றிருக்கின்றன. ஓடிப்போய்ப் பார்த்தேன். பட்டியல் முழுதாக இருந்தது. பட்டியலின் தலையில் இருந்த பெயரைப் பார்த்ததும்தான் பிழை தெரிந்தது. நேற்று இருபத்துநாலாவதாக இருந்தவர் இன்றைக்கு முதலாவது. அவர் எனக்குப் பக்கத்தில் நின்று, கொம்பியூட்டர் நல்ல சாமான் என்று சந்தோசமாகச் சொன்னார். எல்லோரையும்விடக் கூடுதல் நாள் காத்திருந்த இருபத்துமூன்று பேர் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். ஏன் போனார்கள் என்று தேடவில்லை. என் மூளை நேரே தடித்த புத்தகத்துக்குப் போனது. இந்தக் கிழட்டுப் புரோகிராமை விட்டுத்தள்ளு, புதிய மொழியில் ஒரு பட்டியலை எழுதிக் காட்டு என்றது. முகாமையாளரின் கணினியின் துணியைத் தூக்கினேன், ஜெனரேற்றரைப் போடச் சொன்னேன், கொப்பியைப் பார்த்து விறுவிறென்று தட்டினேன். மாதக்கணக்காக மனதுக்குள் பிழையில்லாமல் ஓடிய மொழி முதன்முதலாக என்னுடன் வாய் திறந்து பேசியது. நாற்பத்தொரு பிழைகள் என்றது. திருத்தினேன். ஐம்பத்திரண்டு என்றது. இரண்டு மணித்தியால டீசலில் முப்பத்தைந்து நிமிடத்தை இப்படி எரித்தேன். நாளைக்குப் போக வேண்டிய பெண் கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பாதை பிந்தியதால் நானா அப்போதுதான் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பையைத் திறந்து, கடல்தண்ணி தெறித்து ஓரம் சுருங்கிய தாள்களை எடுத்து, பென்சில் கோடு போட்ட ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“ஐசே, முப்பது நாளுக்கு மேல ஒருத்தரும் கேட்டு வராமக் கிடக்கிற சரக்க மாதமுடிவில ஏலப் பதிவுக்கு மாத்துறது இதுதான். நீங்க ஆக்கள ஏலத்துக்குப் போட்டிருக்கீங்க.”

ஏலப் பதிவைத் திறந்தோம். இருபத்துமூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள். உடைந்த தையல் மெசின் பெட்டிக்கும் ஒரு கட்டு இரும்புக் கம்பிக்கும் நடுவில். ஆளுக்கொரு ஏல இலக்கம், ஐம்பது கிலோ, உரிமையாளர் தெரியாது. முன்பெல்லாம் கப்பல் அடிக்கடி வந்ததால் ஒருவரும் முப்பது நாள் காத்திருந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு காலமும் தெரியவில்லை. நானா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண் கலங்கியதும் அன்றுதான்.

முப்பது என்பதைத் தொள்ளாயிரம் ஆக்கிப் புரோகிராமைத் திரும்பக் கட்டிவிடலாம் என்றேன். நானா மறுத்தார். அதைச் செய்தாலும் போனவர்கள் தாங்களாகத் திரும்பி வரமாட்டார்கள். கட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இடையில் ஜெனரேற்றர் நின்றால் இருக்கிற பட்டியலும் இல்லை. ஓடுகிற புரோகிராமின் வயிற்றை அவசரத்தில் கீறக்கூடாது, அதுக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது என்றார். மேலும் இரண்டு பக்கம் புரட்டினார். ஏலத்துக்கு முன்னர் உரிமையாளர் வந்து தன் சரக்கை மீட்கலாம். மீட்டால் அது பழைய திகதியோடு, பழைய இடத்துக்கே களஞ்சியப் பதிவில் திரும்பிப் போகும். மீட்புப் படிவத்தின் இலக்கத்தைத் தட்டினால் போதும்.

உடனே தட்டப் போனேன். என் கையைப் பிடித்தார். கையெழுத்து இல்லாத படிவத்தின் இலக்கத்தை அவர் ஒருநாளும் பதியமாட்டார், அது எமனே வந்து கேட்டாலும். ஆளைக் காணாமல் ஆளை மீட்டால், போகாத ஒருவருடைய பெயரால் நாளைக்கு ஒரு இடம் வெறுமையாகப் போகும் என்றார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மணி பதினொன்றே முக்கால். பெயர்கள் திரையில் இருந்தன; எந்தப் பெயருக்கு எந்த முகம், மண்டபத்தில் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

கதிரையில் இருந்த அக்கா எழுந்தார். “எனக்குத் தெரியும் தம்பி. முதலாவது புலோலி மாஸ்டர், இரண்டாவது அவற்ரை மனுசி, மூண்டாவது அந்தக் கண்ணாடிப் பிள்ளை…” என்று தொடங்கி விரல் மடித்து இருபத்துமூன்று பேரையும் ஒழுங்கு மாறாமல் சொன்னார். பதினோராவது ஆள் பொறுமை இழந்து முந்தநாள் கொழும்புக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் சொன்னார். மாதக்கணக்கில் நான் கணினிக்குள் பூட்டி வைத்திருந்த பட்டியல், ஒரு பிரதி கூட எடுத்து வைக்காத பட்டியல், அந்த மண்டபத்தின் நிலத்தில் பாய் விரித்துப் படுத்த ஒருவரிடம் முழுதாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முச்சக்கர வண்டியில் அவருடன் மண்டபத்துக்குப் போய் எல்லோரையும் கூட்டி வந்தேன். கருமபீடத்தில் வரிசையாக நின்று ஒவ்வொருவரும் மீட்புப் படிவத்தில் கையெழுத்து வைத்தார்கள். படிவத்தில், மேற்படி சரக்கின் உரிமையாளர் நானே, அதை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. புலோலி மாஸ்டர் அதைப் படித்துப் பார்த்து, மனைவியின் படிவத்திலும் தானே கையெழுத்து வைக்கலாமோ என்று கேட்டார். மனைவி பேனாவைப் பறித்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்டார்.

அக்காவின் முறை வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன்.

“நல்ல நிலையிலையோ? முப்பத்துநாலு நாள் சீமெந்து நிலத்திலை கிடந்த இடுப்பு. பொய் எழுத ஏலாது தம்பி.”

சரக்கு சேதப்பட்டிருந்தால் குறித்துக் கொடுக்க ஒரு பெட்டி இருக்கிறது என்று நானா காட்டினார். அக்கா யோசித்து, வடிவான எழுத்தில், “சிறு சேதம்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஒன்றேமுக்காலுக்கு இருபத்திரண்டு பேரும் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பட்டியல் அச்சாகி முடியவும் ஜெனரேற்றர் இருமத் தொடங்கவும் சரியாக இருந்தது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நானா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்தால் நான் சந்தோசமாக எழுதி முடித்திருப்பேன். மேலே இருபத்திரண்டு பேர் ஏறினால் கீழே இருபத்திரண்டு பேர் இறங்க வேண்டும். காலையில் மதிலில் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டியவர்கள். யாரை அனுப்பிச் சொல்வது என்று முகாமையாளர் கேட்டார். பிழை என்னுடையது, நானே போகிறேன் என்றேன். வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, மண்டப வாசலில் இரண்டு தடவை செருப்பைக் கழற்றி மாட்டினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முகம் மழித்து, பயணத்துக்கென்று வெள்ளைச் சேட்டு உடுத்தி இருந்த ஒருவர், “உங்கடை மிசினைப் பழக்க நாங்கள்தானோ கிடைச்சம்?” என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் பதினொரு நாள் கழித்து அடுத்த கப்பலில் போனார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் மதிய இடைவேளையில் மண்டபத்துக்குப் போய் அவர்களுடைய முகத்தில் முழித்தேன். போகாமல் இருக்க மனம் விடவில்லை.

அடுத்த கிழமை ஆறுதலாக இருந்து, நானா வாசிக்க நான் திருத்தினேன். ‘ஆள்’ என்ற வகையை ஏலப் பகுதி தொடாதபடி செய்துவிட்டு, அதற்கு மேலே அந்தக் குறிப்பு வரியை நான்தான் எழுதினேன். பிறகு நானும் தினம் ஐந்து பக்கம் பழைய புரோகிராம் வாசித்தேன். நானா என் தடித்த புத்தகத்தை இரவல் வாங்கிப் பாதைக்கு நிற்கும் நேரத்தில் படித்தார். கொஞ்சக் காலத்தில் இரண்டையும் தெரிந்தவர்கள் என்று கொழும்பே எங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் நிலை வந்தது. பெருமையாகச் சொல்கிறேன், மனைவி பக்கத்தில் இல்லை.

அக்காவின் தொலைபேசி எண் என்னிடம் இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது. இந்தப் புரோகிராமில் எந்த வரியை மாற்றினாலும், ஓட்டுவதற்கு முன் இருந்தவர்களையும் ஓட்டிய பின் இருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் அவர் எங்கே போனார் என்று கேளுங்கள். அந்த வரிக்கு அர்த்தம் அவ்வளவுதான். அழிப்பதும் விடுவதும் இனி உங்கள் பொறுப்பு. என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

கப்பல் போய் ஒரு மாதம் கழித்து, திரும்பி வந்த பயணி ஒருவர் கருமபீடத்தில் ஒரு கடிதத்தைத் தந்துவிட்டுப் போனார். கொப்பித் தாளில் நாலு வரி. வடிவான எழுத்து. நானா அதைக் கடல்தண்ணி பட்ட அந்தப் பக்கத்தில் ஊசி குத்தி வைத்தார்; ஓய்வு பெற்றபோது என்னிடம் தந்தார். இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது.

“தம்பிக்கும் நானாவுக்கும். நான் வந்து மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். சேதம் ஒன்றும் இல்லை. என்ரை கையிலைதான் முதலில் தந்தவை, கையெழுத்துக் கேக்கேல்லை.”